பாட்டில் வெள்ளையாகிறது: எந்த ஐஆர் லேம்ப் வாங்குவது?

கேள்வி: கப்பலூரிலிருந்து ஒரு வாசகர், 2025 மார்ச் 8

அண்ணே, கப்பலூர் சிட்கோ பக்கம் பாட்டில் ஊதும் செமி ஆட்டோ ப்ளோ மெஷின் ஒன்று ஓட்டுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மெஷின் கைமாறி வந்தது. ஓவனில் 9 ஐஆர் (அகச்சிவப்பு) லேம்ப். ஒரு மாதமாகப் பாட்டிலின் தோள்பட்டையிலும் அடியிலும் வெள்ளையாக வருகிறது. கடைக்காரர், "பவர் போதவில்லை, எல்லாவற்றையும் 2000 வாட்டாக மாற்று" என்கிறார். சித்திரைத் திருவிழாவுக்குள் ஆர்டர் குவிந்துவிடும். எந்த லேம்ப் வாங்கட்டும்?

மார்ச் 8, இரவு

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். வெள்ளை என்றால் சூடு அதிகம். பெட், அதாவது பாட்டில் செய்யும் பிளாஸ்டிக், 120 டிகிரியைத் தாண்டினால் உள்ளுக்குள் படிகம் கட்ட ஆரம்பிக்கும், தெளிவு போய்விடும். லேம்ப் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். 2000 வாட் போட்டால் நிலைமை மோசமாகும்.

மார்ச் 9, காலை

நேற்று எழுதியதை நம்பி எதையும் திருகாதீர்கள். படுத்த பிறகுதான் தோன்றியது: வெள்ளை இரண்டு வகை. எந்த வெள்ளை என்று கேட்காமலே மருந்து சொல்லிவிட்டேன்.

முதல் வகை, வடிகஞ்சி கலந்த தண்ணீர் மாதிரி மங்கலாக இருக்கும். அந்த இடம் தடிப்பாக, விறைப்பாக இருக்கும். இது சூடு கூடிப்போன வெள்ளை. இரண்டாவது வகை, முத்துச்சிப்பியின் உள்பக்கம் மாதிரி மினுங்கும். சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு நகரும். அந்த இடம் மெலிந்து இழுபட்டிருக்கும். இது சூடு போதாத வெள்ளை. ப்ரீஃபார்ம் (ஓவனில் சூடாக்கிப் பாட்டிலாக ஊதும் தடித்த பிளாஸ்டிக் குழாய்) இளகாமல் இருக்கும்போதே உள்ளே நீட்டும் ராடும் ஊதும் காற்றும் அதை இழுத்துவிடுகின்றன, உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. ஒன்றுக்குச் சூட்டைக் குறைக்க வேண்டும், மற்றதற்கு ஏற்ற வேண்டும்.

பாட்டிலைக் கத்தரியால் நெடுக வெட்டி, வெயிலில் பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி.

மார்ச் 10

படம் வந்தது. தோள்பட்டையில் இருப்பது முத்து வெள்ளை, சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "வோல்டேஜை ஏற்றினால் மினுமினுப்பு குறைகிறது, ஆனால் ப்ரீஃபார்ம் மேல்தோல் மங்கிப்போகிறது." ஏற்றினால் வெளியே கஞ்சி, இறக்கினால் உள்ளே முத்து. இரண்டும் ஒரே ப்ரீஃபார்மில்.

வாட்டைப் பற்றிப் பேசி இது தீராது. தம்பி, ஒரே ஒரு கேள்வி: சுவிட்ச் போட்டதிலிருந்து லேம்ப் முழு வெளிச்சத்துக்கு வர எத்தனை நொடி? போனில் எண்ணிச் சொல்லுங்கள்.

மார்ச் 12

பதில்: "ஒரு நிமிஷம் ஆகும் அண்ணே. அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பாக எரியும். கண் கூசாது."

பிடித்துவிட்டோம். அது இந்த ஓவனுக்கு வேண்டிய ஹாலஜன் லேம்ப் இல்லை. குவார்ட்ஸ் (சூடு தாங்கும் கண்ணாடி) குழாய்க்குள் நிக்ரோம் மாதிரி கம்பிச்சுருள் போட்ட ஹீட்டர். மெஷினை முன்பு வைத்திருந்தவர் எப்போதோ ஹாலஜன் போனபோது, அதே நீளத்தில், விலை குறைவாகக் கிடைத்ததை மாட்டியிருக்க வேண்டும். வெளியே பார்க்க இரண்டும் கண்ணாடிக் குழாய்தான். டவுன்ஹால் ரோட்டில் எந்த எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலும் இரண்டுக்கும் "ஐஆர் லேம்ப்" என்றுதான் பேர்.

ஹாலஜன் என்றால் ஒரு நொடியில் வெள்ளையாகப் பற்றிக்கொள்ளும், நேராகப் பார்க்க முடியாது. மூன்றாவது வகையான செராமிக் ஹீட்டர் என்றால் சூடேறப் பல நிமிடம், வெளிச்சமே இருக்காது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, இந்த நொடிக் கணக்கு ஏமாற்றாது.

மார்ச் 13

ஏன் என்று இன்று விரிவாக எழுதுகிறேன். நான் எட்டு வருடம் இதை அறியாமல் ஓட்டியவன். பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாக வீணாகியிருக்கிறது. இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது.

சூடான எந்தப் பொருளும் கதிர் விடும். எவ்வளவு சூடோ அவ்வளவு குட்டையான அலை. கணக்கு எளிது: 2898ஐக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273 கூட்டியது) வகுத்தால் எந்த அலைநீளத்தில் கதிர் உச்சம் என்று மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். ஹாலஜன் லேம்ப்பின் டங்ஸ்டன் இழை 2400 கெல்வின் அளவில் எரிகிறது, உச்சம் 1.2 மைக்ரான். தம்பியின் சிவப்புக் குழாய் 900 டிகிரி செல்சியஸ், அதாவது 1173 கெல்வின், உச்சம் 2.5 மைக்ரான் பக்கம். செராமிக் 500 டிகிரியில் 3.7.

இனி பொருளைப் பாருங்கள். பெட் சுமார் 2.2 மைக்ரானுக்கு மேலே உள்ள கதிரைத் தோலிலேயே குடித்துவிடும். அதற்குக் கீழே உள்ள கதிரில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கும், மிச்சம் உள்ளே இறங்கும். ப்ரீஃபார்ம் சுவர் 3, 4 மில்லிமீட்டர் தடிப்பு. பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். சிவப்புக் குழாய் அடித்தால் வெளித்தோல் 120ஐத் தாண்டும்போது உட்சுவர் 80லேயே நிற்கும். தீயைக் கூட்டிச் சுட்ட பணியாரம் மாதிரி: வெளியே கருகி, உள்ளே மாவு. ஹாலஜன் கதிர் சுவருக்குள் இறங்கி, தடிப்பு முழுவதையும் ஏறத்தாழ ஒன்றாக வேகவைக்கும். நமக்கு வேண்டியது உள்ளும் புறமும் 95லிருந்து 105 டிகிரிக்குள்.

நல்ல ஓவனில் ப்ரீஃபார்மின் வெளித்தோலுக்குக் காற்றும் அடிப்பார்கள். சூடாக்கிக்கொண்டே ஏன் காற்று என்று நான் ஒரு காலத்தில் அந்த ஃபேனைக் கழற்றி வைத்தேன், கரண்ட் மிச்சம் என்று நினைத்து. தோல் காயாமல் உள்ளே வேகத்தான் அந்தக் காற்று. ஃபேனைக் கழற்றாதீர்கள்.

மார்ச் 13, பிற்பகல்

ஒரு நண்பர் கேட்கிறார்: "நிறைய குடிக்கிற அலைநீளம்தானே சிக்கனம்? தோல் குடித்தாலும் சூடு சூடுதானே?" பொருள் மெல்லியதாக இருந்தால் அவர் சொல்வது சரி. பெயின்ட், மை, மெல்லிய ஷீட் எல்லாவற்றுக்கும் சிவப்புக் குழாய்தான் நல்லது. தடிப்பான பெட்டுக்கு மட்டும் நிறையக் குடிப்பது குற்றம். ஆகவே "எந்த லேம்ப் நல்ல லேம்ப்" என்ற கேள்விக்குப் பொருளைச் சொல்லாமல் பதில் இல்லை.

மார்ச் 16

தம்பி ஹாலஜனுக்கு மாறுவது என்று முடிவு. ஆர்டர் கொடுக்கும்போது பழைய லேம்ப்பைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டால் மறுபடி அதே சிவப்புக் குழாய்தான் வரும். தாளில் எழுதிக் கொடுங்கள்.

மொத்த நீளம் வேறு, எரியும் நீளம் வேறு. இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுத வேண்டும். எரியும் நீளம் ஓவன் அகலத்தைவிடக் கூடினால் முனை வெந்துபோகும். அப்புறம் வோல்டேஜ், வாட். முனை எந்த வகை: ஆர்7எஸ், எஸ்கே15, வயர் தொங்குவது என்று பல உண்டு, படம் எடுத்து அனுப்புவதே உத்தமம். குழாயைப் படுக்கையாக மாட்டப் போகிறோமா செங்குத்தாகவா என்று கட்டாயம் சொல்லுங்கள். படுக்கைக்குச் செய்த இழையை நிமிர்த்தி மாட்டினால் சுருள் சரிந்து அடியில் குவியும், அங்கேயே அறும். முதுகில் வெள்ளைப் பூச்சு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். பின்பக்கம் போகும் கதிரை அது முன்னால் திருப்பும். தங்கப் பூச்சு இன்னும் நன்றாகத் திருப்பும், ஆனால் விலை அதிகம், நெருக்கமான சூடான ஓவனில் உரிந்துவிடும். நம் மெஷினுக்கு வெள்ளை போதும்.

வாட்? பழைய குழாய் 1500 என்றால் இதுவும் 1500. கூட்ட வேண்டாம்.

மார்ச் 17

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். டங்ஸ்டன் குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சுவிட்ச் போட்ட கணத்தில் கரண்ட் பத்து மடங்குக்கு மேல் பாயும். சிவப்புக் குழாயில் இந்தத் தொல்லை கிடையாது. அதனால் தம்பியின் பழைய கான்டாக்டரும் (பெரிய கரண்ட்டுக்கான சுவிட்ச்) எம்சிபியும் (ட்ரிப் ஆகும் சுவிட்ச்) ஹாலஜனைத் தாங்காமல் போகலாம். லேம்ப் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் தைரிஸ்டர் கன்ட்ரோலரில் மெல்ல ஏற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒன்பதையும் ஒரே சுவிட்சில் போடாமல் மூன்று மூன்றாகப் போடுங்கள்.

ஏப்ரல் 2

லேம்ப் வந்துவிட்டது, தம்பி இன்று மாட்டுகிறார். பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படியுங்கள்: குவார்ட்ஸை வெறுங்கையால் தொடாதீர்கள்.

என்னிடம் ஒரு பழைய லேம்ப் இன்னும் இருக்கிறது. மாட்டிய பையன் நடுவில் பிடித்திருக்கிறான். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, ரிஜிஸ்தர் ஆபீசில் வைத்த மாதிரி தெளிவாக. வியர்வை உப்பு சூட்டில் குவார்ட்ஸைத் தின்று படிகமாக்கிவிடுகிறது. பிறகு அந்த இடம் உப்பி, விரிசல் விட்டது. சுத்தமான பருத்திக் கையுறை போடுங்கள். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் எரியவிடும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள்.

ஏப்ரல் 3

தம்பி அனுப்பிய செய்தி: "அண்ணே, முத்து போயிருச்சு. கண்ணாடி மாதிரி வருது."

அதோடு நிற்கவில்லை. "வெளிச்சம் தாங்க முடியவில்லை, ஓவன் எதிரே நிற்கிற அக்கா தலைவலி என்கிறார்." இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது. கண்ணாடி ஊதும் தொழிலாளிகளுக்குக் கண்புரை சீக்கிரம் வருவது பழங்காலம் தொட்டே தெரிந்த சங்கதி. காரணம் இதே அகச்சிவப்புக் கதிர். ஓவனின் திறந்த பக்கத்தில் தகடு மறைப்பு போடுங்கள். அந்த அக்காவுக்கு ஐஆர் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். சாதாரணக் கூலிங் கிளாஸ் வெளிச்சத்தைக் குறைக்கும், அகச்சிவப்பை நிறுத்தும் என்று நம்ப முடியாது. நான் என் பட்டறையில் மறைப்பு போட நான்கு வருடம் எடுத்துக்கொண்டேன். அது தவறு.

ஏப்ரல் 21

லேம்ப் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெட்டியில் 5000 மணி என்று போட்டிருக்கும். அது சரியான வோல்டேஜில், முனை குளிர்ச்சியாக இருந்தால்.

முதலில் வோல்டேஜ். 235 வோல்ட் லேம்ப்பை 250ல் ஓட்டினால் சூடு பத்து சதவீதம் கூடும், வெளிச்சம் அதைவிடக் கூடும், ஆயுளோ ஏறக்குறைய பாதியாகும். எங்கள் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல், சுற்றி உள்ள பட்டறைகள் மூடியதும், வோல்டேஜ் ஏறிவிடும். இரவு ஷிப்ட் ஓட்டுகிறவர்கள் மல்டிமீட்டரை வைத்து ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எனக்கு இரவில் 252 வரை வந்தது. கன்ட்ரோலரில் உச்சத்தை அதற்கேற்பக் கட்டிவிட்டேன்.

இரண்டாவது, முனை. இதில் எனக்கு ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. ஒரு கோடையில் நான்கு மாதத்தில் ஆறு லேம்ப் போனது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று விற்றவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படாமல் போன லேம்ப்பைக் கொண்டுவரச் சொன்னார். லென்ஸ் வைத்துக் காட்டினார்: இழை அறுந்திருக்கவில்லை. முனையில் குவார்ட்ஸைத் தட்டையாக நசுக்கி மூடியிருக்கும் இடத்தில், தலைமுடி அகலத்தில் ஒரு மாலிப்டினம் தகடு உண்டு. அது கறுத்து வெளிறி, சுற்றிலும் கண்ணாடி கீறிப் போயிருந்தது. அந்த இடம் 350 டிகிரியைத் தாண்டினால் தகடு ஆக்சைடாகி உப்பிக் கண்ணாடியைப் பிளக்கும்.

திரும்பி வந்து ஓவன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். முனைக்குக் காற்று தரும் சின்ன ஃபேனின் வலையில் பஞ்சு மாதிரி தூசி, விரல் தடிப்புக்கு. மறுநாளே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அவரிடம்தான் வாங்குகிறேன். வாரம் ஒரு முறை அந்த வலையை ஊதுங்கள்.

ஏப்ரல் 22

நேற்று "தலைமுடி அகலம்" என்று எழுதியது தவறு. தகட்டின் தடிப்புதான் தலைமுடிக்கும் கீழே, அகலம் சில மில்லிமீட்டர். திருத்திக்கொள்ளுங்கள்.

மே 20

திருவிழா முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரை குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கு உண்டா? தம்பியும் இரண்டு ஷிப்ட் ஓட்டியிருக்கிறார்.

அந்த வாரத்தில் அவருக்கு ஒரு புதுப் பிரச்சினை: காலையில் சரியாக வந்த பாட்டில் மதியம் இரண்டு மணிக்கு அடி மங்குகிறது. லேம்ப்பைத் தொடவே இல்லையாம். ப்ரீஃபார்ம் மூட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர்கீழே. ஜனவரிக் காலையில் 22 டிகிரியில் ஓவனுக்குள் போகும் ப்ரீஃபார்ம், மே மதியத்தில் 42 டிகிரியில் போகிறது. நாம் ஏற்ற வேண்டியதே எழுபது எண்பது டிகிரிதான். அதில் இருபது ஏற்கெனவே ஏறிவிட்டால்? மூட்டையைத் தரைத்தளத்தில் நிழலான அறைக்கு மாற்றினார், சரியாயிற்று.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 20 கிராம் ப்ரீஃபார்ம். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 1.2 ஜூல். 70 டிகிரி ஏற்ற 1680 ஜூல். மணிக்கு 800 பாட்டில் என்றால் மொத்தமே 0.4 யூனிட்டுக்குள். என் ஓவன் மணிக்கு 7 யூனிட் இழுக்கிறது. மிச்சமெல்லாம் தகட்டையும் காற்றையும் எங்களையும் சூடாக்கப் போகிறது. லேம்ப்புக்கு எதிரே உள்ள அலுமினியத் தகட்டைப் பாருங்கள். ஹாலஜன் கதிரில் ஒரு பங்கு ப்ரீஃபார்மை ஊடுருவி அப்பால் போய்விடும், அதைத் திருப்பி அனுப்புவது அந்தத் தகடுதான். என்னுடையது புகைபிடித்த சட்டி மாதிரி இருந்தது. மாற்றியதும் கன்ட்ரோலரை 8 சதவீதம் இறக்க முடிந்தது. இன்னும் வாட் கூட்ட நினைக்கிறவர்கள் முதலில் தகட்டைத் துடையுங்கள்.

ஜூலை 6

சிந்தாமணிப் பக்கம் அப்பளம் போடும் உறவினர் ஒருவர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, மழைக்காலத்தில் காயவைக்க லேம்ப் போடலாமா என்கிறார். தண்ணீர் 3 மைக்ரான் பக்கம்தான் அதிகம் குடிக்கும். அப்படிப் பார்த்தால் ஹாலஜன் அதற்குப் பொருந்தாது, சுமார் 700 டிகிரியில் மங்கிய சிவப்பாக எரியும் ஹீட்டர் பொருந்தும். ஆனால் உணவுக்கு மேலே கண்ணாடிக் குழாய் வேண்டவே வேண்டாம், ஒன்று உடைந்தால் போதும். உலோக உறை போட்டது அல்லது செராமிக்.

ஜூலை 13

அவர் வீட்டில் ஒரு செராமிக் ஹீட்டரை வைத்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் அப்பளத்தின் ஓரம் சுருண்டு கீறியது, நடு ஈரமாகவே இருந்தது. அப்பளம் மெல்லியதுதானே, தோலில் குடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். ஈரம் வெளியேறிப் போகக் காற்று வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஹீட்டரை எட்டத் தூக்கி, டேபிள் ஃபேன் வைத்ததும் பெருமளவு சரியாயிற்று. அவருக்கு நான் கடைசியாகச் சொன்னது: முதலில் காற்று போகிற அறை, அப்புறம் ஹீட்டர்.

ஆகஸ்ட் 17

கோ.புதூரில் பவுடர் கோட்டிங் செய்கிறவருக்குச் சுருக்கமாக: சிவப்புக் குழாய் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் லேம்ப் பார்க்காத இடம் வேகாது. கிரில் கம்பியின் முதுகிலும் மூலையிலும் உலோகமே 180, 200 டிகிரிக்கு வந்து பத்து நிமிடம் நிற்க வேண்டும். லேம்ப்பை மட்டும் நம்பாமல் சூட்டுக்காற்று அடுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 26

நேற்று மழையில் எனக்கு நடந்தது. பேனலில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கிறது. மூன்று பேஸுக்கும் மூன்று மூன்று லேம்ப். அரை லிட்டர் ஓட்டிக்கொண்டிருந்ததால் மேல் வரிசையில் இரண்டை அணைத்திருந்தோம், இரண்டும் ஒரே பேஸ். நியூட்ரல் விட்டதும் அந்தப் பேஸில் தனியாக எரிந்த லேம்ப்புக்கு 300 வோல்ட் பக்கம் போயிருக்க வேண்டும். நீல வெள்ளையாக ஒரு மின்னல், அப்புறம் டப் என்று ஒரு சத்தம், குவார்ட்ஸ் துண்டுகள் ப்ரீஃபார்ம் மேல். பக்கத்தில் யாரும் இல்லை. அன்றைய சரக்கு முழுவதையும் தூக்கிப் போட்டேன்.

தம்பி, உங்கள் பேனலில் நியூட்ரல் போல்ட்டை மெயினை அணைத்துவிட்டு இறுக்கிப் பாருங்கள். லேம்ப்பை அணைக்கும்போது மூன்று பேஸிலும் சமமாக அணையுமாறு வரிசையை மாற்றிக் கட்டுங்கள். நான் இன்று மாற்றினேன்.

டிசம்பர் 14

மறுசுழற்சிப் பெட் கலந்த ப்ரீஃபார்ம் வர ஆரம்பித்துவிட்டது. 2022 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதியில் கெட்டிப் பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு 2025-26ல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் என்று எழுதியதன் விளைவு. நிறம் ஒரு சாயல் சாம்பல். அந்தச் சாம்பல் கதிரைக் கூடுதலாகக் குடிக்கும். பழைய செட்டிங்கில் ஓட்டியபோது முதல் முப்பது பாட்டிலும் அடி மங்கின. நான் 6 சதவீதம் இறக்கி ஓட்டுகிறேன். மூட்டைக்கு மூட்டை சாயல் மாறுகிறது. புது மூட்டை பிரித்ததும் ஐந்து பாட்டில் ஊதிப் பார்த்துவிட்டே ஓட்டுகிறோம்.

2026 ஜனவரி 11

தம்பி கேட்டதால்: அவருடைய ஒன்பது ஹாலஜனும் இன்னும் எரிகின்றன, மணிக்கணக்கு மீட்டரில் இன்று 2,140. ஒவ்வொரு லேம்ப்பின் செராமிக் முனையிலும் மாட்டிய தேதியை பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். முதல் லேம்ப் போகும் அன்று முனையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இழை அறுந்ததா, தகடு கறுத்ததா என்று பார்த்து எழுதுகிறேன்.